கருமணலும் கடைவாய்ப் பல்லும்

மண்டைக்காடு பகவதியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையையும் பார்த்திருப்பீர்கள். அங்கே மணல் கறுத்துக் கிடக்கும். ஒரு பிடி அள்ளினால் சாதாரண மணலைவிடக் கை கனக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் இல்மனைட் என்ற தாது. அதில் இருக்கும் உலோகம்தான் டைட்டானியம். இன்று நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தாடையில் திருகிப் பல் கட்டுவது இந்த உலோகத்தில்தான்.

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. பெட்ரோமாக்ஸ் போன்ற காஸ் விளக்குகளின் மேன்டிலுக்கு அது வேண்டும். அதற்காகத்தான் மணவாளக்குறிச்சியில் மணல் அள்ளத் தொடங்கினார்கள். கூடவே மலையாகக் கிடந்த இல்மனைட்டுக்கு அப்போது அவ்வளவு மரியாதை இல்லை. மரியாதை வந்தது வெள்ளை பெயின்டால். இல்மனைட்டிலிருந்து எடுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு அப்படி ஒரு வெள்ளை.

எங்கள் நந்தனத்திலிருந்து எல்டாம்ஸ் சாலை நடக்கிற தூரம்தான். அங்குள்ள 'தி குரோவ்' சர் சி.பி. ராமசாமி ஐயரின் வீடு. அவர் திருவிதாங்கூர் திவானாக இருந்தபோதுதான், 1946இல், அங்கே டிராவன்கூர் டைட்டானியம் தொழிற்சாலை ஏற்பட்டது. (திவானைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. அது வேறு கதை.) 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் நம்மோடு சேர்ந்தபோது மணவாளக்குறிச்சி மணலும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. தொழிற்சாலை கேரளத்தில் நின்றுவிட்டது. அங்கே தயாரானதும் வெள்ளைப் பொடிதான், உலோகம் அல்ல.

உலோகமாகப் பிரிப்பது லேசான காரியம் இல்லை. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரகர் என்ற பாதிரியார், ஊர் ஓடையின் கருமணலில் புதிதாக ஏதோ இருக்கிறது என்று கண்டார். 1795இல் கிளாப்ரோத் என்ற ஜெர்மானியர் டைட்டானியம் என்று பெயர் வைத்தார். கிரேக்கப் புராணத்து அசுரர்களான டைட்டன்களின் பெயர் அது. பள்ளியில் எங்களுக்குப் பிரெஞ்சில் 'தித்தான்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் ரொம்ப நாள் அசுரனும் உலோகமும் ஒன்று என்றே நினைத்திருந்தேன், உச்சரிப்பில் வித்தியாசம் தெரியாததால். பெயர் வைத்த பிறகும் 1910வரை சுத்தமான உலோகம் கைக்கு வரவில்லை. சூடானால் காற்றிலுள்ள பிராணவாயுவை விடாமல் பிடித்துக்கொள்கிற சுபாவம் அதற்கு. பெரிய அளவில் எடுக்க வழி செய்தவர் வில்லியம் குரோல். அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் செய்தி. இந்தியாவில் கேரளத்துச் சவறாவில் 'டைட்டானியம் ஸ்பாஞ்ச்' ஆலை வர 2011 ஆயிற்று. ராக்கெட்டுக்கு வேண்டும் என்று விண்வெளித் துறை பணம் போட்டது.

இது எலும்புக்குள் போனது ஒரு முயலால். சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆய்வாளர், 1952 வாக்கில், உயிருள்ள முயலின் எலும்புக்குள் ரத்தம் ஓடுவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டார். காலெலும்பில் டைட்டானியக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். குழாய் விலை அதிகம், எடுத்து அடுத்த முயலுக்கு வைக்கலாம் என்று பார்த்தால் வரவே இல்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் செலவுக் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். அவர் மேலும் பல வருஷம் சோதித்து, 1965இல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் 4 திருகுகள் வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறை உள்ளவர் லார்சன். 2006இல் அவர் இறக்கும்வரை, 40 வருஷம், அவை உழைத்தன.

சக மருத்துவர்கள் உடனே நம்பவில்லை. 1969இல் ஒரு கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ரீடர்ஸ் டைஜஸ்ட்டில் பேர் வரவழைத்துக்கொள்கிறவர்களை நம்ப மாட்டேன் என்றாராம். அந்தப் பேராசிரியர் ஒரு பல்குச்சிக் கம்பெனிக்குச் சிபாரிசு தந்தவர். பல்குச்சி டப்பாவின் பின்பக்கத்தில் விளம்பரம் தருகிறவர்களை நானும் நம்புவதில்லை என்று பிரோனமார்க் பதில் சொன்னாராம். 1982இல் டொரன்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

சரி, எலும்பு ஏன் ஒட்டுகிறது? உண்மையில் எலும்பு உலோகத்தைத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்டவுடன் டைட்டானியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று படிகிறது. எலும்பு பார்ப்பது அதைத்தான். அந்தத் தோல் என்ன? பெரும்பாலும் நம் வீட்டுச் சுவரின் வெள்ளையில் இருக்கும் அதே டைட்டானியம் டை ஆக்சைடு! ஆகவே இந்த விஷயத்தில் எல்லாம் மேற்பரப்புதான் என்று விஞ்ஞானிகளுக்குப் புரிந்தது.

பிரோனமார்க்கின் திருகுகள் லேத்தில் கடைந்தவை, கொஞ்சம் வழவழப்பு. அவர் முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும். பிறகு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கினார்கள். நுண்ணிய துகளை வேகமாகப் பீச்சி, அப்புறம் அமிலத்தில் தோய்ப்பது. எலும்புச் செல்களுக்குப் பிடிமானம் கிடைத்தது. நல்ல எலும்பு உள்ளவர்களுக்குக் காத்திருப்பு 6 முதல் 8 வாரமாகக் குறைந்தது. ஆனால் பீச்சிய துகளில் கொஞ்சம் உலோகத்தில் பதிந்து தங்கிவிடும், குழிகளும் தாறுமாறாக விழும்.

லேசர் வந்தது இங்கேதான். அது எதையும் தொடுவதில்லை, எங்கே கோடு வேண்டுமோ அங்கே போடலாம். சில திருகுகளின் கழுத்தில் 8 முதல் 12 மைக்ரான் அளவில் வரிவரியாகப் பள்ளம் செதுக்குகிறார்கள், ஈறு அதைப் பற்றிக்கொள்ளட்டும் என்று. தலைமுடி ஒன்றின் தடிமனில் இப்படி ஐந்தாறு பள்ளம் அடங்கும். இன்னும் நுட்பமானது ஃபெம்டோ செகண்டு லேசர். ஒரு செகண்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதையும் பத்தாகப் பிரித்தால் ஒரு ஃபெம்டோ செகண்டு. அத்தனை குறுகிய துடிப்பில் சூடு பக்கத்துக்குப் பரவ நேரமில்லை. உலோகம் உருகி வழியாமல், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த அலைவரிகள் பதிகின்றன. இவ்வகை லேசருக்குப் பலம் தந்த முறையை 1985இல் அமெரிக்காவில் கண்டவர்கள் ஜெரார் மூரூவும் அவர் மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும். 2018இல் இருவருக்கும் நோபல் பரிசு. மூரூ பிரெஞ்சுக்காரர். அன்று பிரெஞ்சுச் செய்தி கேட்டு நான் காபியை ஆறவிட்டேன்.

எங்கள் காலை நடைக் கூட்டத்தில் ஒருவர், லேசர் போட்ட திருகுக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று கேட்டார். நான் மருத்துவன் அல்ல. சரித்திரம் படித்தவன் என்ற முறையில் சொன்னேன்: 40 வருஷம் நின்றது லேத்தில் கடைந்த திருகு. லேசருக்கு அத்தனை வயது இன்னும் ஆகவில்லை. சர்க்கரையும் ஈறு நோயும் கட்டுக்குள் இல்லாவிட்டால் எந்த மேற்பரப்பும் உதவாது. ஈறு இறங்கிச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால் கிருமிக்கும் அது நல்ல பிடிமானம். அவர் கடைசியில் எதைப் போட்டுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. திருகு வரும் டப்பாவில் கம்பெனி பெயரும் தயாரிப்பு எண்ணும் போட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள் என்று மட்டும் வற்புறுத்தினேன். பத்து வருஷம் கழித்து வேறு டாக்டரிடம் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்.