இராத்திரிக்குத் திரும்பிய ஈஸ்டர்

புனித சனி இரவு, திண்டுக்கல் புனித வளனார் பேராலயத்திலும் சுற்றுப்பட்டுக் கோயில்களிலும் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். வெளியே புதுத்தீ மூட்டி, அதில் பாஸ்கா திரியை ஏற்றி, இருண்ட கோயிலுக்குள் கொண்டுபோவார்கள். பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் என்று கேட்டால் சொல்வார்கள். பூட்டன் காலத்தில் இந்தச் சடங்கு நடந்தது சனிக்கிழமை காலையில், வெயிலில்.

ஆதித் திருச்சபையில் இது விடிய விடிய நடந்த திருவிழிப்பு. புதிதாகச் சேர்பவர்களுக்கு அன்றிரவுதான் ஞானஸ்நானம். தண்ணீரில் இறங்குமுன் எந்தக் கதைக்குள் இறங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா? உலகப் படைப்பு, ஈசாக்கின் பலி, செங்கடல் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் காலிக் கல்லறைக்கு வந்தார்கள். நூற்றாண்டுகள் போகப் போக நேரம் முன்னால் நகர்ந்தது. 1566இல் பாப்பரசர் ஐந்தாம் பயஸ் பிற்பகல், மாலைப் பூசைகளைத் தடைசெய்ததும் சடங்கு காலையோடு ஒட்டிக்கொண்டது. இரவின் மகிமையைப் போற்றும் பாஸ்கா புகழுரையைப் பட்டப்பகலில் பாடினார்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் பன்னிரண்டு, அத்தனையும் லத்தீனில். நண்பகலோடு தவக்கால ஒருசந்தியும் முடிந்துவிடும். கல்லறை இன்னும் மூடியிருக்க வேண்டிய நேரத்தில் விரதம் விட்டாயிற்று!

அப்படியானால் உயிர்ப்பின் கதையைத் தமிழ் ஜனங்களுக்குச் சொன்னது யார்? பிரசங்கமும் ஞானோபதேசமும் ஒரு பக்கம். ஆனால் கண்ணிலும் காதிலும் ஏற்றியது, இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் காட்டும் பாஸ்கா நாடகம்தான் என்பேன். சில ஊர்களில் சுரூபங்களை வைத்து, பல ஊர்களில் ஆட்களே வேடம் கட்டி, இராத்திரி முழுக்க நடத்தினார்கள். யூதாஸ் வந்தால் வசவு, மாதா அழுதால் அழுகை, கல்லறை திறந்தால் வெடிச்சத்தம். பீடம் காலையில் லத்தீனில் சொன்னதை மேடை இரவில் தமிழில் சொன்னது.

1951இல் பன்னிரண்டாம் பயஸ் திருவிழிப்பைச் சோதனையாக இரவுக்கு மாற்ற அனுமதித்தார். 1956 முதல் அதுவே விதியானது. வாசகங்கள் நான்காகக் குறைந்தன. இரவு கிடைத்தது, மொழி கிடைக்கவில்லை. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டு மொழிகளுக்குக் கதவைத் திறந்த பிறகு தமிழ் பீடத்தேறியது. 1970இன் புதிய திருப்பலிப் புத்தகம் பழைய ஏற்பாட்டு வாசகங்களை ஏழாக்கியது. ஆக, நாம் ஆதிகாலத்தது என்று நினைக்கும் இந்த இரவுக்கு, இப்போதைய வடிவில், ஒரு தாத்தாவின் வயதுதான்.

தமிழ்நாட்டுக் கோயில்கள் இதில் தங்கள் கையையும் வைத்தன. வானவர் கீதம் தொடங்கியதும் மணிகள் முழங்க, திரை விலகி, உயிர்த்த ஆண்டவர் சுரூபம் வெளிப்படும். ரோமைச் சடங்குப் புத்தகத்தில் இந்தத் திரை இல்லை. அது பாஸ்கா மேடையிலிருந்து கோயிலுக்குள் நடந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது.

தேவையானால் ஏழு வாசகங்களை மூன்றாகக் குறைத்துக்கொள்ள விதி இடம்தருகிறது. செங்கடல் வாசகத்தை மட்டும் எக்காரணத்தாலும் விடக்கூடாது. நேரமாகிறது என்று அந்தச் சலுகையைப் பிடித்துக்கொள்ளும் பங்குகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விடிய விடிய மணலில் உட்கார்ந்து பாஸ்கா பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஏழு வாசகம் கேட்கப் பொறுமை இருக்காதா என்ன?