'கன்கர்' என்றால் என்ன? 'அக்ரி' என்ற சொல்லுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கோர்ட் தீர்ப்பு செய்திகளில் 'ஐ கன்கர்' என்ற வரியைப் பார்த்திருப்பீங்க. 'நானும் இதை ஏற்கிறேன்' என்பதுதான் அர்த்தம். அப்போ 'ஐ அக்ரி' என்றே சொல்லிடலாமே? முழு விவரம் இதோ.

எங்கிருந்து வந்தது?

'சேர்ந்து ஓடுவது' என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லில் இருந்து வந்தது 'கன்கர்'. அதனால் இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு.

1. ஒரே கருத்துக்கு வருவது.
2. ஒரே நேரத்தில் நடப்பது. தண்டனைகளை 'ஏக காலத்தில்' அனுபவிக்க வேண்டும் என்று கோர்ட் சொல்வது 'கன்கரன்ட்லி'. மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியல், 'கன்கரன்ட் லிஸ்ட்'.

எங்கே பயன்படுத்தலாம்?

டீ குடிக்கப் போலாமான்னு நண்பர் கேட்டால் 'ஐ கன்கர்' என்று சொன்னா சிரிப்பாங்க. தீர்ப்பு, டாக்டர்களின் ஆலோசனை, ஆபீஸ் மெயில் போன்ற இடங்களுக்கே இது பொருந்தும். ஒருவரின் கருத்தை ஏற்கும்போது 'வித்' சேர்க்கணும்: 'ஐ கன்கர் வித் யுவர் வியூ'. சம்பளத்துக்கோ, நிபந்தனைக்கோ சம்மதிப்பதைச் சொல்ல 'அக்ரி'தான் சரி.

தீர்ப்பில் ஒரு விஷயம் கவனிக்கணும். ஒரு நீதிபதி முடிவை ஏற்றுக்கொண்டு, அதற்கு வேறு காரணங்களைத் தனியாக எழுதலாம். அது 'கன்கரிங்' தீர்ப்பு. முடிவையே ஏற்காவிட்டால் அது மாறுபட்ட தீர்ப்பு, அதாவது 'டிசென்ட்'.

ஒரு வார்த்தைக்காக நடந்த வழக்கு

நீதிபதிகளை நியமிக்கும்போது இந்தியத் தலைமை நீதிபதியிடம் 'கன்சல்டேஷன்', அதாவது கலந்தாலோசனை நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 124-வது பிரிவு. கேட்டால் போதுமா, அவர் சம்மதிக்கவும் வேண்டுமா?

1981-ல் உச்ச நீதிமன்றம், 'கன்சல்டேஷன்' என்பது 'கன்கரன்ஸ்' (இசைவு) ஆகாது என்றது. அதனால் இறுதி முடிவு அரசின் கைக்குப் போனது. 1993-ல் 9 நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை மாற்றி, தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை என்றது. கொலீஜியம் முறை உருவானது இப்படித்தான்.

'கேட்டாங்க' வேற, 'ஒத்துக்கிட்டாங்க' வேற. அதனால் ஆபீஸ் மெயிலில் 'ஐ கன்கர்' என்று பதில் போடும் முன் ஒருமுறை முழுசா படிச்சிடுங்க. அந்த முடிவில் உங்களுக்கும் பங்கு இருக்கு என்றுதான் அதற்கு அர்த்தம்.