கமரன் அம்மாவின் லென்ஸும் நம் தோட்டத்து முகங்களும்

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இராஜகாரியத்தை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குழு. அந்தச் சாள்ஸ் ஹே கமரனின் மனைவியைப் பற்றி மட்டும் நாங்கள் வகுப்பில் பேசுவதில்லை. உலகப் புகைப்பட வரலாற்றில் கணவரைவிடப் பெரிய பெயர் அவருடையது.

ஜூலியா மார்கரட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இன் கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு மரப்பெட்டிக் கெமராவைப் பரிசளித்தார்கள். அதிலிருந்தது பாரிஸில் செய்த ஜாமின் லென்ஸ். 1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்குப் போட்டு வடிவமைத்த வகை. வெளிச்சத்தை அள்ளிக் கொண்டுவரும். ஆனால் நடுவில்தான் கூர்மை, ஓரம் போகப் போகக் கலங்கும். பெரிய கண்ணாடித் தட்டில் அந்தக் கலங்கல் இன்னும் கூடும். "ஃபோகஸ் தெரியாத பொம்பளை" என்கிற மாதிரி அன்றைய விமர்சகர்கள் ஏளனம் செய்தார்கள். இன்று அதே கலங்கலுக்காகத்தான் உலகம் முழுக்கப் பழைய லென்ஸ்களைத் தேடிப் பொறுக்குகிறார்கள்.

1875இல் கமரன் குடும்பம் தங்கள் கோப்பித் தோட்டங்களை நம்பி இலங்கைக்கு வந்தது. அப்போது கோப்பியை இலைநோய் தின்றுகொண்டிருந்தது. இங்கே அவர் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் எடுத்த ஹெர்ஷல், டார்வின், டெனிசன் எல்லோருக்கும் பெயர் உண்டு. இங்கே எடுத்த படமொன்றின் தலைப்பு "களுத்துறைக் குடியானவர் கூட்டம்". அவ்வளவுதான். நிமிடக்கணக்கில் அசையாமல் நின்று கொடுத்தவர்களின் பெயர் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அக்காலத்து ஈரக் கொலோடியன் தட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும். சிவப்பு, மண்ணிறம் தெரியாது. அதனால் நம் மாநிறம் அதில் இருப்பதைவிடக் கறுப்பாக விழும். பழைய தோட்டப் படங்களில் நம் முன்னோர் முகங்கள் இருண்டு கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று, பழுதான போட்டோகொப்பி மெசினிலிருந்து கழற்றிய லென்ஸை ஒரு மட்டைப்பெட்டியில் பொருத்தினோம். ஷட்டர் கிடையாது, மூடியைத் திறந்து மூடுவதுதான். பிலிமுக்குப் பதில் போட்டோ கடதாசி. அதற்கும் சிவப்பு தெரியாது. நிழலில் உட்காரவைத்துப் பத்து விநாடிக்கு மேல் எண்ணினோம். கழுவிய கடதாசியைப் போனில் படமெடுத்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், லயத்திலிருந்து வரும் மகளும் பதுளை டவுன் மகனும் ஒரே மாதிரிக் கருகித் தெரிந்தார்கள். "சேர், இது நானா?" என்று கேட்டவளுக்குக் கொலோடியன் பாடம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

கமரன் அம்மா 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார். அடக்கம் செய்தது பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில். பதுளையில் ரயிலேறி ஹட்டனில் இறங்கினால் பஸ்ஸில் போய்விடலாம். கல்லில் பெயர் இருக்கிறது.

வீட்டில் பழைய படங்கள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தில் நிற்பவர் யாரென்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.