நான்கிழை ஆர்.என்.ஏ: ஆய்வு வரலாறு

குவானிலிக் அமிலக் கரைசல் கூழாக இறுகுவதை 1910இல் ஈவார் பாங் பதிவு செய்தார். காரணம் 1962இல்தான் தெரிந்தது: நான்கு குவானின்கள் ஐதரசன் பிணைப்பால் சதுரத் தட்டாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. தட்டுகளுக்கிடையே பொட்டாசியம் அயனி அமர்ந்தால் அடுக்கு உறுதிப்படும். சிறிய லித்தியம் அயனி அவ்வாறு உதவுவதில்லை. ஆர்.என்.ஏ. நான்கிழை பொதுவாக டி.என்.ஏ. நான்கிழையைவிட உறுதியானது.

சென்னையில் 1966இல் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியனின் கேம்பிரிட்ச் குழு, புற்றுநோயுடன் தொடர்புடைய என்ராசு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.யில் இவ்வமைப்பு புரத உற்பத்தியைக் குறைப்பதை 2007இல் காட்டியது. அது உயிரணுவுக்கு வெளியே நடந்த சோதனை. 2014இல் மனித உயிரணுக்களிலும் எதிர்ப்பொருளால் இதை அடையாளம் கண்டனர். எனினும் அவை பதப்படுத்தப்பட்ட உயிரணுக்கள். இந்த வேறுபாடு சிறியதன்று. உயிருள்ள எலி, ஈசுட்டு உயிரணுக்களில் இவை பெரும்பாலும் விரிந்தே உள்ளன என 2016இல் குவோவும் பார்ட்டெலும் அறிவித்தனர்.