திருமுழுக்கு ஏட்டின் ஓரம்

எங்கள் பங்கு அலுவலகத்தில் பதிவேடுகளைப் பார்த்துப் படியெடுத்துக் கொடுக்கும் சிறு பணியில் சில ஆண்டுகளாக நான் உதவி வருகிறேன். ஒருநாள் மாலைப் பூசைக்கு முன் ஒரு தாய் வந்தார். மகள் ஜெர்மனியில் செவிலி. அந்நாட்டு இளைஞர் ஒருவரை அங்கேயே மணக்க இருக்கிறாள். ஆறு மாதத்திற்கு உட்பட்ட திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று அங்குள்ள பங்கிலிருந்து எழுதியிருந்தார்கள். தாயின் கையிலோ, மகளின் புதுநன்மையின்போது வாங்கிய பழைய சான்றிதழ் ஒன்று பத்திரமாக உறையிடப்பட்டிருந்தது. "இதே புத்தகத்தைப் பாத்துத்தானே இதையும் எழுதிக் குடுத்தாங்க? அதுல புதுசா என்ன முளைச்சிடப் போகுது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அன்று இரண்டு வாக்கியங்களில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான விடைக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி நடக்க வேண்டும்.

மணமக்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பது திருச்சபையின் தொன்மையான கொள்கை. உயர்ந்த கொள்கை, ஆயினும் அதற்குள் ஓர் ஆபத்தும் இருந்தது. குருவும் சாட்சியும் இன்றி இருவர் தனித்து ஒருவருக்கொருவர் வாக்களித்துக் கொண்டாலும் அது செல்லத்தக்க திருமணமே. பின்னர் ஆண் மறுத்துவிட்டால் பெண்ணிடம் சான்று ஏது? 1215-ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் மறைவான திருமணங்களைத் தடைசெய்து, கோவிலில் முன்னறிவிப்புச் செய்யவேண்டும் என்று விதித்தது. நம் ஊர்களில் ஓலை வாசித்தல் என்று வழங்கும் வழக்கத்தின் வேர் அதுவே. ஆனால் ஓலை வாசிக்காமல் நடந்த திருமணமும் செல்லாததாகிவிடவில்லை.

உள்ளூர்க்காரனாக இருந்தால் ஊரே சாட்சி. அயலூரான் விஷயத்தில்தான் சிக்கல். தென் பிரான்சின் அர்த்திகா என்னும் சிற்றூரிலிருந்து மார்ட்டின் கேர் என்பவன் 1548-இல் மனைவியையும் குழந்தையையும் விட்டு மறைந்தான். 1556-இல் "நானே அவன்" என்று ஒருவன் வந்தான். ஊரார் நம்பினர், மனைவி பெர்த்ராந்தும் ஏற்றுக்கொண்டு அவனோடு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தாள். வழக்கு தூலூஸ் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கையில் உண்மையான கணவன் மரக்காலுடன் வந்து நின்றான். போலிக் கணவனான அர்னோ து தில் 1560-இல் தூக்கிலிடப்பட்டான். ஒரு மனிதன் இன்னான் என்று காட்ட அன்று முகமும் நினைவும் நாவுமே இருந்தன. தாள் எதுவும் இல்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 1563 நவம்பர் 11-இல், திரிதெந்துப் பொதுச்சங்கத்தின் இருபத்து நான்காம் அமர்வு 'தமெத்சி' என்று தொடங்கும் ஆணையை வெளியிட்டது. பங்குக்குருவோ அவருடைய அனுமதி பெற்ற குருவோ, இரண்டு மூன்று சாட்சிகளோ முன்னிலையில் இல்லாத திருமணம் இனிச் செல்லாது. மணமக்கள் பெயர், சாட்சிகள் பெயர், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குக்குரு ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தச் சீர்திருத்தத்தின் ஏழாம் அதிகாரம் முழுவதும் நிலையான இருப்பிடம் இல்லாது அலைபவர்களைப் பற்றியது. முதல் மனைவி உயிரோடிருக்க, வேறு வேறு ஊர்களில் வேறு பெண்களை மணப்போர் உண்டு என்று சங்கத் தந்தையர் வெளிப்படையாகவே எழுதினர். இத்தகையோரின் திருமணத்தைக் கவனமாக விசாரித்து, ஆயருக்கு அறிவித்து, அவருடைய அனுமதி பெற்ற பின்னரே நடத்த வேண்டும் என்பது கட்டளை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பிலும் 1071-ஆம் எண்ணின் கீழ் இவ்விதி முதலாவதாக நிற்கிறது. அயல்நாட்டு மணமகனிடம் கேட்கப்படும் தாள்கள் அனைத்தின் பின்னாலும், எங்கோ ஓர் ஊரில் கைவிடப்பட்ட ஒரு பெண் நிற்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அது கற்பனை அச்சம் அன்று. ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறியவர்கள் செவில் நகரில் உரிமம் பெற வேண்டியிருந்தது. மணமானவனா, ஆகாதவனா என்பது அங்கே கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி. மனைவியை விட்டுச் செல்பவன் அவளுடைய இசைவைக் காட்டவேண்டும். குறித்த காலத்துக்குள் திரும்பவும் வேண்டும். ஆயினும் பலர் திரும்பவில்லை. மெக்சிகோவின் விசாரணை மன்ற ஆவணங்களில் இருதார மண வழக்குகள் மலிந்து கிடக்கின்றன.

விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்பதைத் திருத்தந்தை பத்தாம் கிளமெந்து காலத்தில், 1670 ஆகஸ்டு 21-இல் வெளிவந்த அறிவுரை ஒன்று வரையறுத்தது. சாட்சியிடம் முதலில் பொய்யாணையின் கொடுமை எடுத்துரைக்கப்படும். பிறகு கேள்விகள்: நீ தானாக வந்தாயா, எவரேனும் அழைத்து வந்தார்களா? கூலி ஏதும் பேசப்பட்டதா? இவரை எவ்வளவு காலமாக, எந்த ஊரில் அறிவாய்? இவர் முன்பு மணம் செய்ததுண்டா? துணை இறந்திருந்தால் எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார்? ஊர் ஊராகச் சென்றவர், தாம் தங்கிய ஒவ்வோர் ஊரிலிருந்தும் தம் நிலைக்குச் சான்று கொணர வேண்டும்.

ஏழைகளுக்கு இது பெருஞ்சுமையாக இருந்திருக்கும். ஆனால் எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. வெனிஸ் மறைமாவட்டத்திலும் உரோமையிலும் இவ்வாறு விசாரிக்கப்பட்ட அயலூராரின் வாக்குமூலங்கள் கட்டுக்கட்டாக இன்றும் உள்ளன. வேறெந்த ஏட்டிலும் இடம்பெற வாய்ப்பில்லாத எளிய மக்கள், எங்கே பிறந்தோம், எந்த வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டோம், யாரோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்தோம் என்று அங்கே பேசுகிறார்கள். மணம் முடிக்க வந்தவர்கள் தம்மை அறியாமல் வரலாறு எழுதிச் சென்றிருக்கிறார்கள். அக்காலப் புலம்பெயர்வை ஆராய்வோர்க்கு இக்கட்டுகள் பொற்சுரங்கம்.

இருப்பினும் ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது. 'தமெத்சி' ஆணை அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நடப்புக்கு வந்தது. இங்கிலாந்து போன்ற நாடுகளில் அறிவிக்கப்படவே இல்லை. மேலும் ஏடுகள் ஒன்றோடொன்று பேசவில்லை. லிஸ்பனில் மணந்தவனின் திருமணம் லிஸ்பன் ஏட்டில் இருக்கும். அவன் திருமுழுக்குப் பெற்ற மலையூரின் ஏடோ மௌனமாக இருக்கும். அங்கே போய்க் கேட்டால் அவன் என்றும் மணமாகாதவனே.

இந்த மௌனத்தைக் கலைத்தது 1907 ஆகஸ்டு 2-ஆம் நாளிட்ட 'நே தெமெரே' ஆணை. அது 1908-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா முதல் நடைமுறைக்கு வந்தது. திருமணம் நடத்திய குரு, மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கு அதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே அவர்கள் பெயருக்கு எதிரே அது குறிக்கப்பட வேண்டும். இந்த யோசனை திருச்சபைக்கு மட்டும் உரியது என்று பெருமை கொள்ளவேண்டியதில்லை. பிரெஞ்சு அரசு 1897-ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பிறப்புப் பதிவின் ஓரத்தில் திருமணத்தைக் குறிக்கச் செய்திருந்தது. எனினும் கடல்கடந்த பங்குகளையும் ஒரே வலையில் கோத்தது 'நே தெமெரே'தான். தலைமைச் செயலகம் எதுவும் தேவைப்படவில்லை. தபால் தலையும் நாணயமுள்ள ஒரு குருவும் போதும். மனிதர் எங்கே அலைந்தாலும் அவருடைய வாழ்வின் செய்தி பிறந்த ஊரின் ஒரு பக்கத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது. அந்தத் தாயின் கேள்விக்கு விடை இதுவே. பழைய சான்றிதழ் திருமுழுக்கைக் காட்டும். ஓரம் இன்று வெறுமையாக இருக்கிறதா என்பதை அது காட்டாது. முளைப்பதற்கென்றே விடப்பட்ட இடம் அந்த ஓரம்.

நாட்டுச் சட்டத்தின் வழி வேறு. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1309-ஆம் பிரிவு, அயல்நாட்டவர் தம் நாட்டுச் சட்டப்படி மணம்புரியத் தடையில்லை என்று அந்நாட்டு அதிகாரியிடமிருந்தே சான்று கொண்டுவர வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளும் அத்தகைய சான்றை வழங்குவதில்லை. அப்போது மேல்நிலை மண்டல நீதிமன்றத் தலைவரிடம் விலக்குப் பெற வேண்டும். இந்தச் சான்றையும் விலக்கையும் பற்றிய ஒரு வழக்கு நம்மைச் சற்றுச் சங்கடப்படுத்துவது. மணமாகாத ஸ்பானியர் ஒருவர், மணமுறிவு பெற்ற ஜெர்மானியப் பெண்ணை ஜெர்மனியில் மணக்க விலக்குக் கோரினார். அன்றைய ஸ்பெயின் அந்த மணமுறிவை ஏற்கவில்லை. ஆகவே விலக்கு மறுக்கப்பட்டது. 1971 மே 4-இல் ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம், அம்மறுப்பு தங்கள் அடிப்படைச் சட்டம் காக்கும் மணம்புரியும் உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஸ்பெயினில் மணமுறிவுச் சட்டம் மீண்டும் வந்ததோ 1981-இல்தான்.

திருமணத்தின் பிரியாமையை நம்பும் நாம் இத்தீர்ப்பை எப்படி வாசிப்பது? அந்த ஸ்பானியச் சட்டம் நம் போதனையின் நிழலில் எழுந்தது, மறுக்க முடியாது. ஆனால் கைவிடப்பட்டவளைக் காக்கப் பிறந்த விசாரணை, எவரையும் ஏமாற்றாத இருவருக்கு எதிரே மதிலாக நின்றபோது அதன் பிறவிக் காரணம் மறக்கப்பட்டது என்பதும் உண்மை. திருச்சபைச் சட்டமே இவ்விஷயத்தில் நெகிழ்வுள்ளது. சாவு நெருங்கிய வேளையில் வேறு சான்றுகள் கிடைக்காவிடில், எதிரான அறிகுறி இல்லாத நிலையில், திருமுழுக்குப் பெற்றவர்கள், தடையேதும் இல்லை என்று மணமக்கள் சொல்லும் உறுதிமொழியே போதும் என்கிறது 1068-ஆம் எண். பெட்டி நிறையத் தாள் கேட்கும் அதே சட்டம், அங்கே ஒரு வார்த்தையை நம்புகிறது.

அந்த மகளின் சான்றிதழ் போய்ச் சேர்ந்தது, திருமணமும் நடந்தது. சில மாதங்கள் கழித்து ஜெர்மனியிலிருந்து பங்குக்கு வந்த அறிவிப்பைப் பார்த்து, அவள் பெயருக்கு எதிரே நாளும் ஊரும் எழுதினேன். தாயும் அருகில் நின்றிருந்தார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "எம்பேருக்கு நேராவும் இப்படி எழுதியிருக்குமா?" என்று கேட்டார். அவரும் இதே கோவிலில் திருமுழுக்குப் பெற்றவர். மணமானது கணவருடைய ஊரில். பழைய ஏட்டை எடுத்துத் தேடினோம். இருந்தது. மங்கிய நீல மையில், கணவர் பெயரோடு, ஒரே ஒரு வரி.