பட்டம் போல ஒரு பாய்



விண்ட்சர்ஃபிங் என்றதும் கடலும் அலையும்தானே ஞாபகம் வரும்? அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் கடலே எட்டிப் பார்க்காத ஓர் ஊர்தான் முதலில் வருகிறது: அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வில்க்ஸ்-பேரி.

அங்கே நியூமன் டார்பி என்று ஒருவர். பெயர்ப்பலகை எழுதுவது தொழில். படகு கட்டுவது பைத்தியம். 1964இல், மனைவி நவோமியின் துணையோடு, தட்டையான ஒரு பலகை மேல் கம்பம் நட்டு, பட்டம் மாதிரி ஒரு பாயைக் கட்டினார். கம்பத்தை இறுக்கவில்லை, எந்தப் பக்கமும் சாயும்படி விட்டார். சுக்கானே கிடையாது. பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றை விட்டு விலகும். பின்னால் சாய்த்தால் காற்றுப் பக்கம் திரும்பும். அவ்வளவுதாங்க சூத்திரம்! ஆனால் பாய்க்கு முதுகைக் கொடுத்து நிற்கணும். காற்றை எதிர்த்துப் போவதும் கஷ்டம். வியாபாரம் சோபிக்கவில்லை. பேட்டன்டும் அவர் வாங்கவில்லை. ஒன்று மட்டும் செய்தார். 1965 ஆகஸ்டில் 'பாப்புலர் சயின்ஸ்' பத்திரிகையில் படம் போட்டுக் கட்டுரை எழுதினார்.

1967இல் கலிஃபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக், நண்பர் ஹாயில் ஷ்வைட்சருடன் சேர்ந்து முக்கோணப் பாயும், அதன் இரு பக்கமும் வளைந்து வரும் பிடிகழியும் வைத்தார். இன்று நாம் பார்க்கும் வடிவம் அதுதான். 1968இல் விண்ணப்பித்த பேட்டன்ட் 1970இல் கிடைத்தது. ஐரோப்பிய ஏரிகளிலெல்லாம் விளையாட்டு பரவியது. 1984 ஒலிம்பிக்ஸிலும் இடம் பிடித்தது.

அப்புறம்தான் வேடிக்கை. பேட்டன்டை மீறியதாக இங்கிலாந்தில் ஒரு கம்பெனி மேல் வழக்கு. எதிர்த்தரப்பு இரண்டு சாட்சியங்களைக் கொண்டு வந்தது. ஒன்று, டார்பியின் அந்தக் கட்டுரை. இன்னொன்று, 1958இல் ஹேலிங் தீவில் விடுமுறையைக் கழித்த பீட்டர் சில்வர்ஸ் என்ற 12 வயதுப் பையன் தானே செய்து ஓட்டிய பாய்ப்பலகை! அவன் வைத்த கழிகள் நேரானவை; வளைந்த பிடிகழி செய்ய அவனிடம் என்ன வசதி இருந்தது? ஆனால் ஓட்டும்போது அவை தாமாகவே வில்லாய் வளைந்தன என்பதை நீதிபதிகள் கவனித்தார்கள். 1980களில் அப்பீல் கோர்ட், பேட்டன்ட் செல்லாது என்று சொல்லிவிட்டது.

டிரேக் 2012இலும், டார்பி 2016இலும் மறைந்தார்கள். தனக்கு முன்பே இதைச் செய்தவர்கள் உண்டு என்பதை டிரேக்கே பின்னாளில் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

தம்பிகளே, ஒர்க்‌ஷாப் மூலையில் கிடப்பதை வைத்து நீங்கள் செய்யும் 'ஒப்பேத்தல்' சமாச்சாரத்தை அலட்சியம் பண்ணாதீங்க. டார்பிக்குப் பணம் வரவில்லை; பெயர் நின்றது, அவர் எழுதி வைத்ததால். நீங்களும் ஒரு படம் வரையுங்கள். பக்கத்தில் தேதியைப் போடுங்கள். நம் கல்லூரி மலரில் அதற்கு ஒரு பக்கம் நிச்சயம் கிடைக்கும்.