கத்தியும் அதைப் பிடிக்கும் கையும்

நம் இராமநாதபுரம் சீமையின் ஆயுதம் எது என்று கேட்டால் வளரி என்றும் அரிவாள் என்றும் சிறு பிள்ளைகூடச் சொல்லும். அவற்றைச் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால் பெரியவர்களிடமும் பதில் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு பழைய கத்திகளைச் சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என் கூடவே வருகிறது.

என்னிடம் இப்போது 22 கத்திகள் இருக்கின்றன. பாளை அரிவாள், கதிர் அரிவாள், பாக்குவெட்டி, பாம்பனில் மீன் விற்ற ஓர் அம்மாள் கொடுத்த அரிவாள்மணை என்று எல்லாமே வேலைக் கருவிகள். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதச் சட்ட விதிகள் ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன், அதைப் படிக்காமல் சேர்ப்பேனா!

முதலில் வளரி. பிறை போல் வளைந்த எறி ஆயுதம். மரத்திலும் இரும்பிலும் செய்தார்கள். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனவை யானைத் தந்தத்தால் ஆனவை. சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றதாகக் கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயர் 1830இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கை தேர்ந்தவர் 100 கஜத்துக்குள் குறி தப்பாமல் எறிவார் என்பது அவர் கணக்கு. அந்த மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பிறகு கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். வீசும் கை இல்லாமல் போனதும் வளரி கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அடுத்தது உருக்கு. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். டமாஸ்கஸ் வாளின் புகழைப் பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். அத்தகைய வாள்களுக்கான உருக்கில் நம் தென்னாட்டுச் சரக்கும் உண்டு என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். சேலம் பக்கத்தில் தேனிரும்பையும் ஆவாரங்கட்டையையும் மண் குகையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பார்கள். கட்டையின் கரி இரும்பில் ஏறி உருக்காகும். கொடுமணல் அகழாய்விலேயே இந்தத் தொழிலின் தடயம் கிடைத்திருக்கிறது. உருக்கு, உக்கு என்ற நம் சொற்கள்தான் ஐரோப்பியர் வாயில் 'ஊட்ஸ்' ஆயின என்பார்கள்.

இந்த ஊட்ஸின் மர்மம் என்னவென்று அறிய லண்டனில் கத்தி வியாபாரி ஸ்டோடார்ட்டும் மைக்கேல் பாரடேயும் 1819 முதல் சேர்ந்து உழைத்தார்கள். பாரடே ஒரு கொல்லரின் மகன். பாரிஸ் நாணயச் சாலையில் பிரேயாந் என்பவர் 1820களில் பல சோதனைகள் செய்து, அலகில் ஓடும் நீரலைக் கோலத்துக்குக் கரியின் அளவே காரணம் என்று கண்டார். அவர்கள் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. குகையை மூடிய நம்மவர் ஒருவர் பெயரும் இல்லை. 1856இல் பெஸ்ஸெமர் மலிவாக எஃகு செய்யும் வழியைக் கண்டபின் குகை உருக்கை வாங்க ஆள் குறைந்தது. அந்த உலைகளும் அணைந்தன.

ஜப்பானில் கதை வேறு மாதிரிப் போயிற்று. 1876இல் அங்கே பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்தது. வாள் அடித்த கொல்லர் பலர் சமையல் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் மாறினார்கள். வீரன் கை போனாலும் சமையல்காரர் கை அவர்களைக் காப்பாற்றியது. ஜப்பானில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் சக்காய் ஊர்க் கத்தி ஒன்று கொண்டுவந்து தந்தான். மெல்லிரும்பு உடல், விளிம்பில் மட்டும் கடினமான எஃகு. அலகில் அடித்தவர் பெயரை உளியால் வெட்டியிருக்கிறார்கள்.

அதைப் பக்கத்தில் வைத்து நான் ஒப்பிட்டுப் பார்ப்பது, சாயல்குடிப் பக்கத்துக் கொல்லர் ஒருவர் அடித்த பாளை அரிவாளை. அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கருவேலங்கரி, துருத்தி, சம்மட்டி, லாரி ஸ்பிரிங் பட்டை, இவ்வளவுதான் அவர் பட்டறை. பழுக்கக் காய்ச்சிய அலகின் விளிம்பை மட்டும் நீரில் தோய்ப்பார். மறுபடி லேசாகச் சூடேற்றுவார். விளிம்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடுவார். "நீலம் ஏறிச்சுன்னா போச்சு சார், அது பாளைக்கு ஆகாது" என்பார்.

ஏன் ஆகாது? பனையேறி நாள்தோறும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். முனை மழுங்கினால் பாளை நசுங்கி, பதநீர் ஊறுவது நின்றுவிடும். அதனால்தான் வெள்ளைக்கல் பொடியைப் பலகையில் தூவி அப்படித் தீட்டுகிறார்கள். இடுப்பில் அரிவாள் பெட்டியுடன் நெடும்பனை ஏறுபவருக்குப் பிழைப்பே அந்த முனைதான். அதைச் செய்தவரின் நுட்பம் சக்காய்க் கொல்லருடையதைவிடக் குறைந்ததென்று நான் ஒப்பமாட்டேன். பனையேறுபவர்கள் குறையக் குறைய அவரிடம் வருபவர்களும் குறைந்தார்கள். கடைசி வருடங்களில் மண்வெட்டிக்குக் காம்பு மாட்டித்தான் காலம் தள்ளினார். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

திருப்பாச்சேத்திப் பட்டறைகளில் இன்னும் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. 1985இல் மாவட்டம் பிரிந்தபோது சிவகங்கையோடு போன ஊர். வயலுக்கும் தோப்புக்கும் அரிவாள் வேண்டியிருக்கிறது. கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு ஆளுயர அரிவாள் செய்யச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மனிதன் கை தளர்ந்த இடத்தில் சாமி கை நீட்டி வாங்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனையும் படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று. திறமை குறைந்து எந்தக் கொல்லர் தொழிலும் அழியவில்லை. கத்தியைக் கேட்டு வாங்கும் கை மறைந்த இடத்தில்தான் அழிந்தது. ஆகவே கத்தியை மட்டும் எடுத்து வைத்தால் பாதி வரலாறுதான் மிஞ்சும். என் கத்தி ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன். யார் அடித்தது, யார் பிடித்தது, எந்த வேலைக்கு என்ற மூன்று விவரம் அதில் இருக்கும். அந்தச் சாயல்குடிக் கொல்லரின் பெயரும் அப்படி ஒரு சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் துருப்பிடித்த அரிவாள்மணையோ பாக்குவெட்டியோ கிடக்கும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன், வீட்டில் மூத்தவர் இருந்தால் அந்த மூன்று விவரத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். துருவை எலுமிச்சம்பழமும் சாம்பலும் தேய்த்து எடுத்துவிடலாம். மறந்துபோன பெயரை எடுப்பதற்கு வழியில்லை.